படர்தாமரைக்கு ‘நனோ’ கிறீம் பூசலாமா?

வெள்ளவத்தையில் தொடர்மாடியில் வசிக்கும் வாசகி ஒருவர், இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ‘நனோ’ கிறீமை மகனின் இடுப்பில் படர்ந்திருக்கும் படர்தாமரைக்குப் பூசலாமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ரியூப்பைத் திருப்பிச் சின்ன எழுத்துகளைப் படியுங்கள், அம்மா. குளோபெற்றசோல், பெற்றாமெதசோன், மொமெற்றாசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்ரெரோயிட் கலந்த கிறீம். தொடவே வேண்டாம். பூசிய ஓரிரு நாளில் கடி அடங்கும், சிவந்த விளிம்பும் மங்கும். படர்தாமரையை உண்டாக்கும் பங்கசு மட்டும் பரவிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் சில வேளை வளையத்துக்குள் வளையமாகக் கிளம்பும். நம் பகுதியில் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாக மாறியதற்கு இந்தக் கலவைக் கிறீம்கள் ஒரு பெரிய காரணம்.

ஸ்ரெரோயிட் இல்லையென்றால் நனோவைப் பற்றிப் பேசலாம். உடம்பின் பெரும்பகுதியில் தோலின் இறந்த மேற்படை ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. பங்கசு அங்குள்ள கெரற்றினைத் தின்றே வாழ்கிறது. ஆகவே மருந்து இரத்தத்துக்குப் போகத் தேவையில்லை, அந்தப் படையில் தங்கினால் போதும். கொழுப்பாலான நனோ துணிக்கைகள் தோலில் ஒட்டி, மயிர்க்கால் வாய்களில் தேங்கி, மருந்தை மெல்ல மெல்ல விடுகின்றன. காயமில்லாத தோலை ஊடுருவி அவை உள்ளே ஓடுவதில்லை. அந்தப் பயம் வேண்டாம். இது நேற்று வந்த சரக்குமல்ல. கொழுப்புக் குமிழிகளில் எக்கோனசோல் என்ற பங்கசு மருந்தை ஏற்றிய ஜெல் 1988இலேயே சுவிற்சர்லாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டது.

ஆனால் துணிக்கை வெறும் வாகனம்தான். குணப்படுத்துவது அது சுமக்கும் மருந்து. இந்தியா, நேபாள நோயாளிகளிடம் கண்டறிந்து 2020இல் ‘ட்ரைக்கோபைற்றன் இன்டோற்றினியே’ என்று பெயரிடப்பட்ட பங்கசு பலரிடம் ரேர்பினபின் என்ற பங்கசு மருந்துக்கு மசிவதில்லை. மருந்து தாக்கும் நொதியத்தையே அது மாற்றிக்கொண்டிருக்கிறது. அத்தகைய பங்கசுக்கு நனோ என்ற சொல்லை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

வைத்தியர் தரும் கிறீமை விளிம்புக்கு வெளியே இரண்டு சென்ரிமீற்றர்வரை பூசுங்கள். தோல் தெளிந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை, பொதுவாக இரண்டு கிழமையாவது, தொடருங்கள். தலையிலோ நகத்திலோ என்றால் பெரும்பாலும் குளிசை வேண்டும். கடற்காற்று ஈரத்தில் பல்கனியில் உள்ளாடை அரைகுறையாகவே காயும். முழுதாகக் காய்ந்ததையே மகனுக்குக் கொடுங்கள். துவாய் தனியாக இருக்கட்டும். வீட்டில் வேறு யாருக்கும் கடி இருந்தால் ஒரே நேரத்தில் மருந்து செய்யுங்கள்.

தோல் கிளினிக்குக்குப் போகும்போது அந்த ரியூப்பையும் எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே பூசியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், சுரண்டிப் பார்க்கும் பரிசோதனையில் பங்கசு தெரியாமல் போகக்கூடும்.