விரால் தூண்டிலுக்கு மரத்தவளை

புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்களில் விரால் பிடிப்போர் உயிருள்ள தவளையைத் தூண்டிலில் கோத்தல் பழைய வழக்கம். தவளையோ வயற்பூச்சிகளைத் தின்று உழவனுக்குத் துணை நிற்பது. 1987-இல் நம் நாடு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தபோதும் இப்பயன் எடுத்துரைக்கப்பட்டது. மரத்தாலான போலி இரையை நாம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

விரால் காற்றை உட்கொள்ள அடிக்கடி மேலே வரும் மீன். ஆதலின் இரை மிதத்தல் வேண்டும். முள்முருங்கை இதற்கு ஏற்றது. எடை குறைவு, கத்திக்கும் இணங்கும். நிழலில் உலர்த்திய கிளையில் நான்கு விரல் நீளத் துண்டெடுத்து, வால்புறம் ஒடுங்கச் செதுக்குக. முகப்பைச் சிறிது குழித்துவிட்டால், இழுக்கும்போது நீர் ஓசையுடன் தெறிக்கும். விராலை அழைப்பது அவ்வோசையே. துண்டினூடே நெடுக்காகத் துளையிட்டுப் பித்தளைக் கம்பியைச் செலுத்தி, இருமுனையையும் வளையமாக முறுக்குக. முன்வளையத்தில் நரம்பும் பின்வளையத்தில் முள்ளும் கட்டப்படும். திருகு வளையத்தை மரத்தில் பதிப்பது எளிதுதான்; பெரிய விரால் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்! வயிற்றுப்புறம் சிறிது ஈயம் பதித்து, வாளி நீரில் மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். கவிழ்ந்தால் ஈயத்தைக் கூட்டுக, அமிழ்ந்தால் குறைக்க.

பின்னர் உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் மும்முறை பூசுக; ஒவ்வொரு பூச்சும் உலர்தல் வேண்டும். துளைவாயை மறத்தலாகாது. அங்கு நீர் புகுந்தால் மரம் ஊறிப் பூச்சு உரிந்துவிடும்.

மழைக்காலத்தில் விராலின் செந்நிறக் குஞ்சுகள் திரளாகத் திரிய, பெற்ற மீன்கள் கீழே காவல் நிற்கும். அருகில் விழும் எதனையும் அவை தாக்குமாதலால் பிடிப்பது மிக எளிது. காவலிழந்த குஞ்சுகளோ பிற மீன்களுக்கு இரையாகும். மீன்பாசி ஏலம் விடும் ஊராட்சிகள், குஞ்சுத் திரளின்மேல் தூண்டில் வீசலாகாது என்பதை ஏல நிபந்தனையாகவே சேர்த்துக்கொள்ளலாம்.