மலைமேல் நம்பியும் நம்பாடுவானின் ஸத்தியமும்



திருக்குறுங்குடியில் நம்பி ஐந்து திருமேனிகளோடு ஸேவை ஸாதிக்கிறார். நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி ஆகிய மூவரும் பெரிய கோயிலுக்குள்ளே எழுந்தருளியிருக்க, திருப்பாற்கடல் நம்பி ஊரருகே இருக்கிறார். ஐந்தாமவரான மலைமேல் நம்பியை ஸேவிக்க மகேந்திரகிரிச் சாரலில் நம்பியாற்றின் கரையோடு காட்டுக்குள் ஏற வேண்டும். ஜீப்பில் சென்றாலும் நடந்து சென்றாலும் பாதை கரடுமுரடுதான். இவ்வனம் 1988-ல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. மேலே செல்லச் செல்ல, சிங்கவால் குரங்குகள் வாழும் பசுமை மாறா மழைக்காடு. வனத்துறையின் அனுமதியோடு பகலிலே சென்று பகலிலே திரும்ப வேண்டும்.

வராஹ மூர்த்தி தம் பேருருவைக் குறுக்கி இங்கே தங்கியதால் குறுங்குடி ஆயிற்று என்பது தலவரலாறு. ஊருக்கு வந்து தம்மைக் குறுக்கிக்கொண்டவர் காட்டிலே ஏன் தனித்து நிற்கிறார்? எங்கள் புதுச்சேரி கோஷ்டியில் ஒரு ஸ்வாமி இப்படிக் கேட்டார். எளிமைக்காகவே எடுத்த அர்ச்சாவதாரம், முழங்கால் வலிக்காரர்களுக்கு எட்டாமல் இருக்கலாமா என்பது அவர் ஆதங்கம். நியாயமான கேள்வி.

ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் எம்பெருமானுடைய ஐந்து நிலைகளையும் நீரை வைத்து விளக்குகிறார். அந்தர்யாமி நிலத்தடி நீர். தோண்டத் தெரிந்தவனுக்கே கிடைக்கும். பரத்வம் அண்டத்துக்கு அப்பாலுள்ள நீர், வ்யூஹம் பாற்கடல். விபவம் பெருக்காறு, பெருகி ஓடிவிட்டது. அர்ச்சை, அந்த ஆறு தேங்கி நிற்கும் மடு. மலைமேல் நம்பியின் ஸந்நிதியருகே பாறைகளுக்கிடையே தேங்கிய நீரைப் பார்த்தவர்களுக்கு இவ்வுவமை தனியே விளக்கப்பட வேண்டியதில்லை. கோடையிலும் அம்மடுவில் நீர் நிற்பதற்குக் காரணம், மேலேயுள்ள சோலைகள் மழையைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடுவதே. அங்கே பிளாஸ்டிக் பைகளையும் பழந்துணியையும் போட்டுவருவதைக் கைங்கர்யத்தில் சேர்க்க அடியேனுக்கு மனம் வரவில்லை.

இக்காட்டின் பெருமையைச் சொல்வது கைசிக புராணம். பட்டர் இதற்கு வ்யாக்யானம் அருளியிருக்கிறார். பாணர் குலத்து நம்பாடுவான் இரவு தோறும் கோயிலுக்குப் புறத்தே நின்று பாடுபவர். கார்த்திகை சுக்ல ஏகாதசி இரவில் ஒரு பிரம்மராட்சசன் அவரை வழிமறித்துப் பிடித்தான். பாடிவிட்டுத் திரும்பி வருவதாக அவர் பதினெட்டு ஸத்தியங்கள் செய்தார். வங்கியில் கடன் பத்திரங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவ்விடம் வியப்பாக இருக்கும். அடமானம் இல்லை, ஜாமீன்தாரர் இல்லை. திருப்பிச் செலுத்த வேண்டியதோ தம் உடல். திரும்பாவிடில் இன்ன பாபம் எனக்கு வரட்டும் என்று அவர் அடுக்கிய எதற்கும் ராட்சசன் இசையவில்லை. ஸ்ரீமந் நாராயணனை மற்றத் தேவர்களோடு ஒப்பாக நினைத்தவன் அடையும் பாபம் வரட்டும் என்றபோதுதான் விட்டான். எந்த ஸத்தியத்தை இவர் மீறவே மாட்டார் என்பது முற்பிறவியில் யாகத்தில் பிழைசெய்து ராட்சசனான அந்த அந்தணனுக்குத் தெரிந்திருந்தது.

பாடி முடித்துத் திரும்புகையில் நம்பியே வேற்றுருவில் வந்து, தப்பிச் செல்லும்படி சொன்னார். அவர் இசையவில்லை. சொன்ன சொல்லின்படி ராட்சசனிடம் சென்று நின்றார். பாட்டின் பலனைக் கேட்டு அவன் காலில் விழ, கைசிகம் என்னும் பண்ணில் பாடியதன் பலனைத் தந்து அவனைச் சாபத்திலிருந்து விடுவித்தார்.

ஆக, கோயிலுக்குள் புகாதவருக்கே இத்தலத்தின் தலையாய பெருமை கிடைத்தது. நம்மாழ்வாரும் திருக்குருகூர்ப் புளியமரத்தடியை விட்டு அகலாமலே, திருவாய்மொழி 5-5-ல் குறுங்குடி நம்பியின் சங்கையும் சக்கரத்தையும் கண்ணழகையும் நெஞ்சுக்குள்ளே கண்டு, தாய்மாரின் ஏச்சையும் பொருட்படுத்தாத பராங்குச நாயகியாகப் பேசுகிறார். மலையேற இயலாத ஸ்வாமிக்கு இவ்விருவருமே விடை. இயன்றவர்கள் ஏறட்டும், ஏறியதால் கூடுதல் வரவு வைத்துக்கொள்ள வேண்டாம்.

செல்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். விழுப்புரத்திலிருந்து வள்ளியூர் வரை இரயிலில் சென்று, அங்கிருந்து சாலை வழியே குறுங்குடியை அடையலாம். கைசிக ஏகாதசி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால் நம்பியாறு பெருகி மலைப்பாதை அடைபடக்கூடும். அன்றிரவு பெரிய கோயிலில், 1999-ல் மீட்டெடுக்கப்பட்ட கைசிக நாடகத்தைக் கண்டு, மலைமேல் நம்பி ஸேவையை வெள்ளம் வடிந்த வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நலம்.