‘ஷாக்’ என்ற சொல்லைத் திருத்திக்கொண்ட வகுப்பு

பத்தாம் வகுப்பில் ‘நரம்பு மண்டலம்’ பாடம். மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை. கடைசி பெஞ்சில் ஒரு மாணவன் தூங்கி வழிந்தான். “இவனுக்கு ஷாக் ட்ரீட்மென்ட் கொடுத்தால்தான் சரிவரும்” என்றேன். வகுப்பே சிரித்தது. ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மூன்று நாள்கள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

நான்காம் நாள் தனியாக வந்து கேட்டாள்: “சார், எங்க அம்மாவுக்கு அந்த ட்ரீட்மென்ட்தான் குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. மூளை கருகிடுமா சார்?”

மஞ்சள் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா, மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் கிடக்கிறார். மாத்திரைகள் பலன் தரவில்லை. சிகிச்சைக்குச் சம்மதிக்க வீட்டில் எல்லோருக்கும் பயம். என் வேடிக்கைப் பேச்சு அந்தப் பயத்தைக் கூட்டியிருந்தது. “உன் கேள்விகளை எழுதி வை. அப்பாவோடு போய் டாக்டரிடமே கேள். நானும் படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

படித்ததை, யாரையும் சுட்டாமல், மறுவாரம் அதே வகுப்பில் பாடமாக நடத்தினேன்.

என்ன நடக்கிறது?

இதன் பெயர் மின்வலிப்புச் சிகிச்சை. 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற மருத்துவர்கள் தொடங்கியது. இன்று நோயாளிக்கு மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகு, தலையில் சில வினாடிகள் மட்டும் மின்துடிப்புகளைச் செலுத்துகிறார்கள். மூளையில் ஒரு நிமிடம்போல வலிப்பு ஏற்பட்டு அடங்குகிறது. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை என, பெரும்பாலும் 6 முதல் 12 முறை தருவார்கள். சினிமாவில் காட்டுவதுபோல் கட்டிவைத்துத் தருவதில்லை. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் தருவதை மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தடைசெய்துள்ளது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 1982-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை மாணவர்களுக்குச் சொன்னேன். ஒரு பிரிவினருக்கு உண்மையான சிகிச்சையோடு போலி மாத்திரை. மற்றொரு பிரிவினருக்குப் போலிச் சிகிச்சையோடு இமிப்ரமின் என்னும் மருந்து. இரு பிரிவிலும் முன்னேற்றம் தெரிந்தது. “போலியாக ஏன் சார் கொடுக்கணும்?” என்று ஒருவன் கேட்டான். ஒப்பீட்டுச் சோதனை என்றால் என்ன என்பதை அங்கேயே விளக்க முடிந்தது.

மூளைக்குள் ஒரு மேளம்

நாமகிரிப்பேட்டை என்றதும் பலருக்கு நாதஸ்வர வித்வான் கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். எனவே மேளத்தையே உவமையாக்கினேன். நாதஸ்வரம் ஆலாபனை செய்யும்போது தவில் காத்திருக்கும்; தவில் தனி வாசிக்கும்போது நாதஸ்வரம் வழிவிடும். மூளையிலும் தொலைவில் உள்ள பகுதிகள் சேர்ந்து இயங்கும் வலையமைப்புகள் உண்டு. சும்மா இருக்கும்போது நம்மைப் பற்றியே எண்ணவைப்பது ஒன்று. வேலையில் கவனத்தை நிறுத்துவது மற்றொன்று. எதற்கு எப்போது இடம் என்று மாற்றிவிடுவது இன்னொன்று. கடும் மனச்சோர்வில் இந்த ஒத்திசைவு குலைகிறது. கவலைச் சிந்தனை விலகாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

2012-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடும் மனச்சோர்வுள்ள 9 பேருக்குச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தனர். இடது முன்மூளையின் ஒரு பகுதிக்கும் பிற பகுதிகளுக்கும் இடையிலான இணைப்பு, சிகிச்சைக்குப் பின் குறைந்திருந்தது, நோய்க்குறிகளும் குறைந்திருந்தன. “ஒன்பது பேர் போதுமா சார்?” நல்ல கேள்வி. பின்வந்த ஆய்வுகளில் சில இணைப்புகள் குறைந்தும் சில கூடியும் காணப்பட்டன. நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதி சிகிச்சைக்குப் பின் சற்றுப் பருத்திருப்பதையும் பல ஆய்வுகள் காட்டின. மூளை கருகுவதில்லை, தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது.

பாதகத்தையும் மறைக்கவில்லை. சிகிச்சை முடிந்ததும் சிறிது நேரம் குழப்பம், தலைவலி இருக்கலாம். அந்த வாரங்களின் நினைவுகள் விடுபடலாம். சிலருக்குப் பழைய நினைவுகளிலும் இடைவெளி நீடிக்கலாம். குணமான பின்பும் மருந்தைத் தொடர வேண்டியிருக்கும்.

வகுப்பறைக்கு

பாடத்தின் முடிவில், முந்தைய வாரம் சொன்னது தவறு என்று வகுப்பின் முன் ஒப்புக்கொண்டேன். ‘பைத்தியம்’, ‘மெண்டல்’, ‘ஷாக்’ ஆகிய சொற்களைக் கேலிக்குப் பயன்படுத்துவதில்லை என்று மாணவர்களும் நானும் சேர்ந்து முடிவெடுத்தோம். டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416-ஐக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதினேன். இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

அந்த அம்மா சம்மதித்துச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். இப்போது மீண்டும் காட்டு வேலைக்குப் போகிறார். “அந்த மாசம் நடந்தது சிலது அம்மாவுக்கு ஞாபகம் இல்ல சார். நான்தான் சொல்லிக் குடுக்கறேன்” என்றாள் மாணவி.

சிரிக்காத ஒரு முகத்தை அன்றே கவனித்திருந்தால் அவளது மூன்று நாள்கள் வீணாகியிருக்காது. நகைச்சுவை சொன்ன பிறகு வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.