கீழ்பென்னாத்தூரிலிருந்து கடற்கரைக்கு: இருவருக்கு மூன்று நாள்

குழந்தைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டோ, கல்யாணமான புதிதிலோ, கணவனும் மனைவியும் மட்டும் காரில் கிளம்ப வேண்டும் என்று தோன்றினால், முதலில் தினசரி காலண்டரைக் கையில் எடுங்கள். எங்கே போவது என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். பௌர்ணமி வந்தால் சென்னை, புதுச்சேரி, திண்டிவனம் பக்கத்துக் கிரிவலக் கூட்டம் மொத்தமும் நம் சாலையில்தான் வரும். அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறவர்களால் செஞ்சி நிறைந்திருக்கும். இந்த இரண்டு நாட்களும், அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து கிழமை. செவ்வாய் கிளம்பி வியாழன் இரவு வீடு திரும்புவது போல வைத்துக்கொள்வது நல்லது. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, முட்டுக்காட்டில் பழைய வீடுகளையும் கைத்தொழிலையும் காட்டும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. புதன்கிழமை அந்தப் பக்கம் போனால் இரண்டுமே திறந்திருக்கும். செவ்வாயில் பயணம் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் புதன் கிளம்பலாம். ஆனால் திரும்பும் நாள் வெள்ளியாகிவிடும். வெள்ளி மாலை சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் வண்டிகளோடு நீங்களும் ஊர்ந்து வர வேண்டியிருக்கும்.

மாதம் என்று பார்த்தால் பொங்கல் கூட்டம் ஓய்ந்ததிலிருந்து மார்ச் வரை. காணும் பொங்கலன்று மாமல்லபுரம் பக்கம் தலைவைக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். சித்திரை வெயிலில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

முதல் நாள்: செஞ்சி வழியாகப் புதுச்சேரி

புதுச்சேரி ஏறக்குறைய 85 கிலோமீட்டர். காலையில் கிளம்பி, திறக்கும் நேரத்துக்கே செஞ்சிக்கோட்டைக்குப் போய்விடுங்கள். பக்கத்திலேயே இருப்பதால் நம்மில் பலர் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிறகு அங்கே ஏறியதே இல்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராட்டியர் கோட்டைகளின் வரிசையில், செஞ்சியும் சேர்ந்தது. ராஜகிரி உச்சிவரை ஏற வேண்டுமென்றால் அன்றைய பயணம் அதோடு சரி. கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். மூன்று நாளுக்கும் கால்கள் தாங்க வேண்டும்.

செஞ்சியருகே நங்கிலிகொண்டானிலும், புதுச்சேரிக்கு முன் மொரட்டாண்டியிலும் சுங்கச்சாவடி உண்டு. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். 2025 நவம்பர் முதல், ஃபாஸ்டேக் இல்லாமல் யூபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

புதுச்சேரியில் மதியம் ஓய்வு. வெயில் தாழ்ந்ததும் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். மாலை 6 மணியிலிருந்து காலை வரை அங்கே வண்டிகளை விடமாட்டார்கள். காரை இரண்டு மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு, காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுத் தெருக்கள் என்று பேசிக்கொண்டே நடக்கலாம். அது பாறைக் கரை, குளிக்க இறங்காதீர்கள். ஆரோவில் மாத்ரி மந்திருக்கு உள்ளே போக முன்பதிவு வேண்டும். வெளியிலிருந்து பார்க்கத் தனி இடம் இருக்கிறது. தமிழ்நாட்டைவிடப் புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு, டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: கிழக்குக் கடற்கரைச் சாலை

என்னைக் கேட்டால் பயணத்தின் உயிர் இந்த நாள்தான். எதையும் விட்டுக்கொடுக்கலாம், இந்தக் காலை நேரத்தை மட்டும் விடாதீர்கள். புதுச்சேரியிலிருந்து மாமல்லபுரம் 100 கிலோமீட்டருக்குள்தான். அதை அரை நாள் செலவழித்துப் போக வேண்டும். மரக்காணத்தில் சாலையை ஒட்டி உப்பளங்கள். சீக்கிரம் போனால் பாத்திகளில் பலகையால் உப்பை வாரிக் கரையில் குவிப்பதைப் பார்க்கலாம். ஈரமாக இருக்கும்போது சாம்பல் படிந்து தெரியும் குவியல், வெயில் ஏற ஏற வெளுத்துக்கொண்டே போகும். வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பாருங்கள். வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

அங்கிருந்து கடப்பாக்கம். வலப்பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்துக் கோட்டை, 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, 1760-ல் ஆங்கிலேயர் இடித்தார்கள். மிச்சமிருப்பது உடைந்த செங்கல் சுவர்களும், அதற்கு அப்பால் கழிமுகமும் கடலும்தான். பெரிய சுற்றுலாத்தலங்களில் கிடைக்காத தனிமை இங்கே கிடைக்கும். நிழல், கடை, கழிப்பறையை நம்பிப் போக வேண்டாம். தண்ணீரும் குடையும் கையில் இருக்கட்டும்.

மாமல்லபுரத்தில் அறை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, மதியம் முதலைப் பண்ணை அல்லது தட்சிணசித்ரா, இரண்டில் ஒன்று. முதலைப் பண்ணை 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. பழைய வீடுகளும் கைத்தொழிலும் பிடிக்கும் என்றால் தட்சிணசித்ரா. யாருக்கு எது பிடிக்கும் என்று முதல் நாள் இரவே பேசி முடித்துவிடுங்கள். மாலை 4 மணிக்கு மேல் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும், இரண்டுக்கும் ஒரே டிக்கெட். அலையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்களுக்கும் இந்தக் கடல் புதிது. கால்களுக்குக் கீழே மணலை இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டத்தில் நீச்சல் கைகொடுக்காது.

மூன்றாம் நாள்: தீம் பார்க்

முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. இரண்டும் பழைய தீம் பார்க்குகள். திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தது. மாமல்லபுரத்திலிருந்து அது கிட்டே, அங்கிருந்து செங்கல்பட்டு வழியாக ஊர் திரும்புவதும் சுலபம். டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்து, திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் பெரிய ராட்டினங்களை முடித்துவிட்டால், வரிசை நீளும்போது நீங்கள் தண்ணீர் விளையாட்டில் இருப்பீர்கள்.

பெண்கள் சங்கடப்படுவது உடை விஷயத்தில்தான். புடவையோடும் பருத்திச் சுடிதாரோடும் தண்ணீரில் விடமாட்டார்கள், நைலான் அல்லது பாலியஸ்டர் துணி வேண்டும். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை திருவண்ணாமலைக் கடைகளிலோ இணையத்திலோ முன்பே வாங்கி, வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். அளவு சரியாக இருந்தாலே பாதிக் கூச்சம் போய்விடும். கனத்த தாலிச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வருவது உத்தமம். செயற்கை அலைக்குளத்தில் மெட்டி, கம்மல் கழன்றால் கிடைக்காது. கர்ப்பமாக இருந்தாலோ, இரத்த அழுத்தம், முதுகுவலி இருந்தாலோ வேகமான ராட்டினங்கள் கூடாது. துணைக்காக ஏறுங்கள் என்று ஒருவரை ஒருவர் வற்புறுத்தவும் வேண்டாம். பயப்படுகிறவர் கீழே நின்று கையாட்டினாலும் அது சேர்ந்து வந்ததுதான்.

மாலை 4 மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடிவிட்டு ஸ்டீயரிங் பிடித்தால் தூக்கம் சொக்கும். ஓட்டுகிறவர் மதியமே தண்ணீரைவிட்டு ஏறி, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் நிழலில் உட்காரட்டும். செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், செஞ்சி. திண்டிவனத்தில் ஒரு டீ. அங்கேயே கண் சொருகினால் அறை எடுத்துத் தங்கிவிட்டு, காலையில் மிச்ச தூரத்தை ஓட்டுங்கள்.

கார் இல்லாதவர்கள் பேருந்திலேயே இந்தப் பயணத்தைச் செய்யலாம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகப் புதுச்சேரிக்கும், புதுச்சேரியிலிருந்து கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் பேருந்துகள் உண்டு. கடப்பாக்கத்தில் இறங்கினால் கோட்டைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும், திரும்பக் கூட்டிவரவும் அதே ஆட்டோவைப் பேசிக்கொள்ளுங்கள். பைக்கில் போகிறவர்கள் இருவருமே ஹெல்மெட் போடுங்கள். கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும் சாலை அது. வெளிச்சம் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள்.