சிறு உற்பத்தியாளரும் சுங்கமும்: ஏற்றுமதிப் பத்திரங்களை அறிந்துகொள்வோம்

பனையோலையில் பெட்டி, சுளகு, தொப்பி என்பவற்றைப் பின்னும் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் பல கிராமங்களில் உள்ளனர். அவர்களது கைவேலை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மவரின் வீடுகளிலும் கடைகளிலும் காணப்படுகின்றது. ஆனால் பெட்டியைப் பின்னியவருக்கும் அங்கே அதனை வாங்குபவருக்கும் இடையே பலர் நிற்கின்றனர். கிராமத்தில் சேகரிப்பவர், கொழும்பில் பொதி செய்பவர், கப்பலேற்றுபவர் என ஒவ்வொருவரும் தத்தமது பங்கை எடுத்துக்கொள்கின்றனர். இவர்களுட் சிலரது வேலை எமக்கு அவசியமானது. எனினும், "பத்திர வேலை உங்களுக்கு விளங்காது" என்ற ஒரே காரணத்தைக் காட்டி விலையைக் குறைப்பவரும் உண்டு.

சுங்க நடைமுறை கடினமானதன்று, ஒழுங்கு தேவைப்படுவது. அந்த ஒழுங்கை இப்பாடத்தில் படிப்படியாக நோக்குவோம். ஒரு மாதர் குழு 300 பனையோலைப் பெட்டிகளை வெளிநாட்டிலுள்ள ஒரு கடைக்கு அனுப்ப விரும்புகின்றது என வைத்துக்கொள்வோம்.

1. முதலில் பதிவு

ஏற்றுமதி செய்பவருக்குச் சட்டபூர்வமான ஒரு பெயர் வேண்டும். தனிநபர் வியாபாரமாகவோ, பங்குடைமையாகவோ, கூட்டுறவுச் சங்கமாகவோ, கம்பனியாகவோ பதிவு செய்யலாம். பின்னர் உண்ணாட்டரசிறைத் திணைக்களத்தில் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெறவேண்டும். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்ய வேண்டியவர்கள் அதனையும் செய்யவேண்டும். இந்த இலக்கத்தைக் கொண்டே இலங்கைச் சுங்கத்தில் ஏற்றுமதியாளராகப் பதிவு செய்யப்படுகின்றது. சுங்கத் தலைமையகம் கொழும்பு 11, பிரதான வீதியில் உள்ளது.

1979 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிலும் பதிவு செய்துகொள்வது நல்லது. பயிற்சி, கண்காட்சி, கொள்வனவாளர் தொடர்பு என்பன அதன் மூலம் கிடைக்கும். பனை உற்பத்திகளைப் பொறுத்தவரை, 1978 இல் தோற்றுவிக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையையும் நாடலாம்.

2. பொருளுக்கு ஓர் இலக்கம்

ஒரு பொருளை ஒரு நாட்டில் 'கடகம்' என்பர். இன்னொரு நாட்டில் வேறு பெயரால் அழைப்பர். பெயர் வேறுபட்டாலும் பொருள் ஒன்றே என்பதைச் சுங்கம் அறிவது எப்படி? இதற்காகவே 1988 முதல் உலகெங்கும் இணக்கப்படுத்தப்பட்ட குறியீட்டு முறை நடைமுறையில் உள்ளது. இதன் முதல் 6 இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. இலங்கையில் அவை 8 இலக்கங்களாக விரிக்கப்பட்டுள்ளன.

ஒரே பனையோலையானாலும் இலக்கம் ஒன்றாக இராது. பின்னிய பெட்டிகள் 4602 என்ற தலைப்பில் வரும். பின்னிய தொப்பி 6504 இல் வரும். விளக்குமாறு 9603 இல் வரும். மூலப்பொருளை மட்டும் பார்த்து மூன்றுக்கும் ஒரே இலக்கத்தை எழுதினால் பத்திரம் பிழைத்துவிடும். வரி, சலுகை, அனுமதி ஆகிய மூன்றும் இந்த இலக்கத்திலேயே தங்கியுள்ளன. ஐயம் இருப்பின் பொதி செய்வதற்கு முன்பே சுங்கத்தில் விசாரிக்க வேண்டும்.

3. மூன்று பத்திரங்கள், ஒரே கணக்கு

முதலாவது விலைப்பட்டியல். 'இன்வொயிஸ்' என்று நாம் கூறுவது இதுவே. விற்பவர், வாங்குபவர், பொருளின் விபரம், எண்ணிக்கை, ஒன்றின் விலை, மொத்த விலை, நாணயம் என்பன இதில் இருக்கவேண்டும். விலை எந்த இடம் வரைக்குமானது என்பதும் எழுதப்பட வேண்டும். 'எப்.ஓ.பி. கொழும்பு' என்றால் கொழும்பில் கப்பலில் ஏற்றும் வரையுள்ள செலவு எம்முடையது. 'சீ.ஐ.எப்.' என்றால் கப்பற் கூலியும் காப்புறுதியும் கூட எம்முடையவை. இவ்வேறுபாட்டை அறியாது விலை பேசினால், இலாபம் முழுவதும் கப்பற் கூலியிலேயே போய்விடும்.

இரண்டாவது பொதிப்பட்டியல். ஒவ்வொரு மட்டைப்பெட்டியிலும் என்ன உள்ளது, எத்தனை உள்ளது, நிறை எவ்வளவு, அளவு எவ்வளவு என்பதை இது கூறும். எமது உதாரணத்தில் 12 மட்டைப்பெட்டிகளில் 24 வீதம் அடுக்கினால் 288 பெட்டிகளே வரும். மீதி 12 பெட்டிகளுக்குப் 13 ஆவது மட்டைப்பெட்டி வேண்டும். விலைப்பட்டியலில் 300 என்றும் பொதிகள் 12 என்றும் இருந்தால், கணக்கு ஒவ்வாது. பரிசோதிக்கும் அதிகாரி கேள்வி கேட்பார். அது அவரது கடமை.

மூன்றாவது சுங்கப் பிரகடனம். வழக்கில் இதனை 'கஸ்டெக்' என்பர். இது 'அசிகூடா வேர்ல்ட்' என்னும் கணினி முறையினூடாகச் சமர்ப்பிக்கப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டு அமைப்பு உருவாக்கிய இம்முறை பல நாடுகளில் பயன்படுகின்றது. இம்முறையின்படி சில பிரகடனங்கள் உடனே விடுவிக்கப்படும். சிலவற்றின் பத்திரங்கள் மாத்திரம் பார்க்கப்படும். சிலவற்றின் பொருட்கள் திறந்து பரிசோதிக்கப்படும். பொதி திறக்கப்படுவதால் நாம் குற்றவாளிகள் என்று பொருளல்ல. பத்திரமும் பொருளும் ஒத்திருந்தால் பயப்படத் தேவையில்லை.

இவற்றுடன் கப்பலாயின் கப்பற் சரக்குச் சீட்டும், விமானமாயின் விமானச் சரக்குச் சீட்டும் சேரும்.

4. வேறு திணைக்களங்களின் சான்றிதழ்கள்

சுங்கம் மாத்திரம் அனுமதி அளித்தால் போதாது. பொருளைப் பொறுத்து வேறு சான்றிதழ்களும் தேவைப்படும்.

தாவரப் பொருட்களுக்கு வாங்கும் நாடு தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்கலாம். விவசாயத் திணைக்களத்தின் தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை இதனை வழங்குகின்றது. அதன் நிலையம் கட்டுநாயக்கவில் உள்ளது. பெட்டியில் பூச்சியோ பூஞ்சணமோ காணப்பட்டால் சான்றிதழ் கிடையாது. ஆகவே ஓலையை நன்கு உலர்த்துவதும் ஏற்றுமதி வேலையே.

மரத் தட்டுகளிலோ மரப்பெட்டிகளிலோ பொதி செய்தால், அம்மரம் சர்வதேச விதிப்படி பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். சூட்டினால் பதப்படுத்துவதாயின் மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் இருக்கவேண்டும். அதற்குரிய முத்திரை மரத்தில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பொருள் சரியாக இருந்தும் மரத் தட்டில் முத்திரை இல்லாமையால் சரக்கு திருப்பி அனுப்பப்படலாம்.

ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த் தூள் போன்ற உணவுப் பொருட்களுக்கு விதிகள் இன்னும் இறுக்கமானவை. உதாரணமாக, ஐக்கிய அமெரிக்காவுக்கு உணவு அனுப்பும் உற்பத்தி நிலையம் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்; சரக்கு சேர்வதற்கு முன் அறிவித்தலும் கொடுக்க வேண்டும். கடலட்டை, சங்கு போன்றவற்றுக்குக் கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதி தேவை.

5. உற்பத்தி நாட்டுச் சான்று

பொருள் இலங்கையில் உற்பத்தியானது என்று நிரூபித்தால், சில நாடுகளில் வாங்குபவருக்கு இறக்குமதித் தீர்வை குறையும் அல்லது இல்லாது போகும். இந்தியாவுடனான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச் 1 இலும், பாகிஸ்தானுடனானது 2005 யூனிலும் நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஜீ.எஸ்.பி. பிளஸ்' சலுகை 2017 மே மாதத்தில் இலங்கைக்கு மீண்டும் கிடைத்தது. இவை தொடர்பான விடயங்களை வர்த்தகத் திணைக்களம் கையாளுகின்றது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 6,000 யூரோவுக்கு மேற்படாத சரக்கை அனுப்புபவர், 'றெக்ஸ்' எனப்படும் பதிவு இல்லாமலே விலைப்பட்டியலில் உற்பத்தி நாட்டு வாசகத்தைத் தாமே எழுதலாம். சிறு குழுக்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் எழுதியவரே அதற்குப் பொறுப்பாளி. ஓலை எங்கே வாங்கப்பட்டது, யார் பின்னினர் என்ற பதிவேட்டைப் பேணவேண்டும்.

6. கூலியைக் கணக்கிடும் முறை

விமானத்தில் நிறை மாத்திரமன்றி இடமும் கணக்கிடப்படும். நீளம், அகலம், உயரம் என்பவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6,000 ஆல் வகுப்பது வழக்கம். மட்டைப்பெட்டி ஒன்று 60 × 50 × 40 எனின், 1,20,000 ஐ 6,000 ஆல் வகுக்க 20 வரும். உள்ளே 6 கிலோ மாத்திரம் இருந்தாலும் 20 கிலோவுக்கே கூலி. கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5,000 ஆல் வகுக்கும். அப்போது 24 கிலோ ஆகும். ஆகையால் ஒன்றினுள் ஒன்று அடங்கும் அளவுகளில் பெட்டிகளைப் பின்னுவது சிக்கனமானது. இதனை ஓலை வார்வதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

பத்திரச் செலவு, சரக்கின் அளவுக்கேற்ப அதிகம் மாறுவதில்லை. அச்செலவு 30,000 ரூபா என வைத்துக்கொண்டால், 100 பெட்டிகளுக்கு ஒன்றுக்கு 300 ரூபா. 600 பெட்டிகளுக்கு ஒன்றுக்கு 50 ரூபா. இரண்டு மூன்று கிராமக் குழுக்கள் ஒரே ஏற்றுமதியாளரின் பெயரில் சேர்ந்து அனுப்புவதன் பயன் இங்கேதான் உள்ளது.

7. தபால் வழி

சிறு பொதிகளைத் தபாலில் அனுப்பும்போது 'சீ.என். 22' அல்லது 'சீ.என். 23' என்ற சுங்கப் படிவம் ஒட்டப்படும். இதிலும் விபரம், பெறுமதி, நிறை என்பன உண்மையாக இருக்கவேண்டும். முன்பு சிறு பெறுமதிப் பொதிகளுக்கு இருந்த சலுகைகள் பல இப்போது இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 யூலை 1 முதல் 22 யூரோ வரையிலான பொதிகளுக்கிருந்த பெறுமதி சேர் வரி விலக்கை நீக்கியது. ஐக்கிய அமெரிக்கா 800 டொலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை 2025 ஓகஸ்ட் 29 இல் முடிவுறுத்தியது. விலை பேசும்போதே இவ்வரியைச் செலுத்துபவர் யார் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

8. முகவரும் எமது பொறுப்பும்

சுங்க வேலையைச் செய்ய அனுமதிப்பத்திரம் பெற்ற முகவர்கள் உள்ளனர். புதிதாகத் தொடங்கும் குழு ஒரு முகவரை அமர்த்துவதே புத்தி. ஆனால், பிரகடனம் எமது பெயரிலேயே செல்கின்றது. வெற்றுத்தாளில் கையொப்பம் இடக்கூடாது. கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் பெறவேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டு கேட்க வேண்டும். பிரகடனத்தின் பிரதியொன்றை எமது கோவையில் வைத்திருக்க வேண்டும்.

"விலையைக் குறைத்து எழுதுங்கள், அன்பளிப்பு என்று போடுங்கள்" என வாங்குபவர் கேட்பதுண்டு. உறவினராயின் மறுப்பது கடினம். ஆயினும் அது சுங்கச் சட்டத்தின்படி குற்றமாகும்; சரக்குப் பறிமுதலாகலாம். சரக்கு தொலைந்தால், குறைத்து எழுதிய விலைக்கே நட்டஈடு கேட்க முடியும். வங்கிக்கு வரும் பணமும் பத்திரமும் ஒவ்வாது போகும். ஏற்றுமதிப் பணம் 180 நாட்களுக்குள் நாட்டுக்கு வரவேண்டும் என்பது மத்திய வங்கியின் 2021 ஆம் ஆண்டு விதி. இத்தகைய விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால் ஒவ்வொரு சரக்குக்கும் முன் வங்கியிடம் விசாரிப்போம். ஒருவர் எழுதும் பொய்யால் இருபது பெண்களின் பல மாத உழைப்பு துறைமுகத்தில் முடங்கலாம் என்பதைக் குழுவில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

முதற் தடவையில் சிறு தொகையை அனுப்பிப் பழகுவோம். குழுவில் ஒருவருக்கு மாத்திரமன்றி, குறைந்தது மூவருக்காவது பத்திர வேலையைக் கற்பிப்போம். அறிந்தவர் ஒருவரே எனின், நாளை அவரும் எமக்கு இன்னொரு தரகராகிவிடலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது பொருள் எந்தக் குறியீட்டுத் தலைப்பில் வரும்? யாரிடம் கேட்டு உறுதி செய்யலாம்?
2. இப்போது நாம் பெறும் விலைக்கும் வெளிநாட்டு விற்பனை விலைக்கும் உள்ள வேறுபாட்டில், எந்தெந்தச் செலவு நியாயமானது?
3. அயற்கிராமக் குழுக்களுள் எவற்றுடன் சேர்ந்து அனுப்பலாம்? ஒரு குழுவின் பொருள் தடைப்பட்டால் நட்டத்தை எவ்வாறு பகிர்வது?
4. 300 பெட்டிகளுக்கான விலைப்பட்டியலையும் பொதிப்பட்டியலையும் இருவர் இருவராகத் தயாரித்து, ஒருவருடையதை மற்றவர் சரிபாருங்கள்.