அந்த எண்ணத்தைக் காதால் கேள்

அன்புள்ள யாழினிக்கு,

'தம்பியைக் கத்தியால் குத்திவிடுவேனோ' என்ற எண்ணம் வருவதையும், வந்ததும் மனசுக்குள் நூற்றெட்டு முறை 'முருகா' சொல்லி அதை அழிப்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாய். நல்ல காரியம் செய்தாய், கண்ணு.

இப்படிப்பட்ட எண்ணங்கள் பலருக்கும் வருபவைதான். ஸ்டான்லி ராக்மனும் இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு இவை வருவது தெரிந்தது. அவர்கள் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர் பயந்து விரட்டுகிறார். விரட்ட விரட்ட எண்ணம் வலுக்கிறது.

கைபேசியில் 'ஓசிடி இசை' கேட்டால் குணமாகுமா என்று கேட்டாய். இசை பதற்றத்தைத் தணிக்கும், தாராளமாகக் கேள். ஆனால் எண்ணம் வந்ததும் அதிலிருந்து தப்பிக்க இயர்போனை மாட்டினால், அதுவும் இன்னொரு 'முருகா'தான்.

நோயோடு நேராக மோதும் ஒலி வேறு. பயத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சைக்கு 1966இல் லண்டனில் விக்டர் மேயர் வழிகாட்டினார். கை கழுவுவது போன்ற வெளிச் சடங்கைத் தடுத்துவிடலாம். உன் 'முருகா' போல மனசுக்குள் நடக்கும் சடங்கை எப்படித் தடுப்பது? 1983இல் பால் சால்கோவ்ஸ்கிஸ், நோயாளியின் எண்ணங்களை ஒலிநாடாவில் பதிந்து திரும்பத் திரும்பக் கேட்கவைத்த சிகிச்சையை எழுதினார். மனசில் ஓடும் எண்ணத்தை நடுவிலேயே மாற்றலாம், ஆறுதல் சேர்க்கலாம். பதிவு அதற்கு இடம் தராது. ஒவ்வொரு முறையும் அதே சொற்களோடு வரும்.

இன்று கைபேசியே போதும். பயப்படும் வாக்கியத்தை உன் குரலில் பதிவு செய்வாய். 'அப்படி நடக்காது' என்ற சமாதானம் அதில் இருக்கக் கூடாது. கேட்கும்போது 'முருகா' சொல்லக் கூடாது. முதலில் பதற்றம் ஏறும். நாள்தோறும் கேட்கக் கேட்க, சடங்கு செய்யாமலே தாங்க முடியும் என்பதை மனம் கற்றுக்கொள்ளும்.

தனியாகத் தொடங்காதே. எந்த வாக்கியம், எவ்வளவு நேரம் என்பதை இதில் பயிற்சி பெற்ற உளவியலாளர் முடிவுசெய்யட்டும். மருந்தும் தேவைப்படலாம். பெங்களூரு நிமான்ஸில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் டெலி-மானஸ் எண் 14416ஐ அழை, தமிழிலேயே பேசலாம்.

அங்கே போனதும் எனக்கு எழுதியதை ஒரு சொல்லும் குறைக்காமல் சொல். இதைப் பலரிடம் கேட்டவர்கள் அவர்கள். உன்னைக் கெட்டவளாக நினைக்கமாட்டார்கள்.

அன்புடன்,
சித்தி