எத்தனை முறை கம்பைல் செய்வது?

ஆய்வேட்டை லேடெக்கில் எழுதத் தொடங்கியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "எல்லாம் சரியாகத்தானே அடித்திருக்கிறேன், பிடிஎஃப்பில் படத்தின் எண் வரவேண்டிய இடத்தில் ஏன் இரண்டு கேள்விக்குறி நிற்கிறது?" பக்கத்தில் இருக்கும் சீனியர், இன்னொரு முறை கம்பைல் செய்யச் சொல்வார். கேள்விக்குறி போய்விடும். ஆனால் மேற்கோள் எண்கள் வந்திருக்காது. "பிப்டெக் ஓட்டினாயா? ஓட்டிய பிறகு லேடெக்கை இரண்டு முறை ஓட்டினாயா?" என்று அடுத்த கேள்வி வரும்.

இந்தக் கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அதைப் பார்த்துக்கொள்ளவே லேடெக்-எம்கே என்ற கட்டளைக் கருவி இருக்கிறது. பெர்ல் மொழியில் எழுதப்பட்ட இந்த நிரலைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருபவர் ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர். டெக் லைவை முழுமையாக நிறுவியிருந்தால் இது ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கும். விண்டோஸில் மிக்டெக் வைத்திருப்பவர்கள் மட்டும் பெர்லைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

ஒரு முறை ஏன் போதாது?

லேடெக் உங்கள் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே பக்கங்களை அமைத்து அனுப்பிவிடும். முடித்த பக்கத்துக்குத் திரும்பி வராது. ஐந்தாம் பக்கத்தில் "படம் 12-ஐப் பார்க்க" என்று வரவேண்டும், ஆனால் அந்தப் படம் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது என்றால், ஐந்தாம் பக்கத்தை அமைக்கும்போது அதன் எண் தெரியாது. ஆகவே கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் போகிறது. போகிற வழியில் தெரிந்துகொண்ட எண்களையெல்லாம் ஆக்ஸ் என்ற துணைக் கோப்பில் எழுதி வைக்கிறது. அடுத்த ஓட்டத்தில் அதைப் படித்துச் சரியான எண்ணைப் போடுகிறது. பொருளடக்கமும் இதே வழியில்தான் வருகிறது.

நூற்பட்டியல் இன்னும் ஒரு சுற்று கேட்கும். எந்தெந்த நூல்களை மேற்கோள் காட்டினீர்கள் என்று லேடெக் எழுதி வைத்ததைப் பிப்டெக் அல்லது பைபர் படித்து, பட்டியலைத் தயாரிக்கிறது. பிறகு லேடெக் அந்தப் பட்டியலை உள்ளே சேர்க்கிறது. பட்டியல் சேர்ந்ததும் பக்க எண்கள் நகரலாம். நகர்ந்தால் பொருளடக்கத்துக்காக மறுபடி ஓட்ட வேண்டும். "மூன்று முறை ஓட்டினால் போதும்" என்று சொல்லிக்கொள்வார்கள். அது சில நாள் அதிகம், சில நாள் போதாது.

லேடெக்-எம்கே இதை ஊகத்துக்கு விடுவதில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்தக் கோப்புகள் படிக்கப்பட்டன, அவற்றின் உள்ளடக்கம் சென்ற ஓட்டத்திலிருந்து மாறியதா என்று குறித்து வைக்கிறது. மாறியிருந்தால் மறுபடி ஓட்டும். மாறவில்லை என்றால், எல்லாம் புதுநிலையில் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். பிப்டெக்கா பைபரா என்பதையும் அதுவே கண்டுகொள்ளும். சொல்லடைவு இருந்தால் மேக்இண்டெக்ஸையும் ஓட்டிவிடும்.

முதல் கட்டளை

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். லேடெக்-எம்கே என்பதை நடுவில் கோடு போடாமல் ஒரே சொல்லாக அடிக்க வேண்டும். அதன்பின் இடம் விட்டு, கோடு போட்டு, "பிடிஎஃப்" என்ற ஆப்ஷன். பிறகு உங்கள் கோப்பின் பெயர். அவ்வளவுதான்.

அந்த ஆப்ஷனை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கருவி பழைய வழக்கப்படி டிவிஐ கோப்பைத்தான் உருவாக்கும். "ஓடியது, பிழையும் இல்லை, பிடிஎஃப்பை மட்டும் காணோம்" என்ற புகார்கள் பெரும்பாலும் இதனால் வருபவை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த ஆப்ஷன் உதவாது. அது அழைக்கும் பிடிஎஃப்லேடெக்கைக் கொண்டு யூனிகோட் தமிழ் எழுத்துருக்களை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அதற்குப் பதிலாக "ஸீலேடெக்" அல்லது "லுவாலேடெக்" என்ற ஆப்ஷனைக் கொடுங்கள். ஸீலேடெக் கொடுத்தால் ஒரு கூடுதல் லாபம் உண்டு. இடையில் வரும் ஓட்டங்களில் பிடிஎஃப்பை உருவாக்காமல், எண்களெல்லாம் நிலைபெற்ற பிறகு கடைசியில் ஒரே முறை உருவாக்கும். முந்நூறு பக்க ஆய்வேட்டில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். லுவாலேடெக்கைத் தேர்ந்தெடுத்தால், எழுத்துரு அமைப்பில் ரெண்டரராக ஹார்ஃப்பஸ்ஸைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கக்கூடும்.

எழுதிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு "பிவிசி" என்ற ஆப்ஷன் இருக்கிறது. அதைச் சேர்த்து ஓட்டினால் கருவி முடிந்துவிடாமல் காத்திருக்கும். நீங்கள் கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் தானே கம்பைல் செய்யும். நிறுத்தக் கன்ட்ரோல்-சி. விண்டோஸில் அடோபி ரீடரில் திறந்திருக்கும் பிடிஎஃப்பைப் புதுப்பிக்க முடியாது, அது கோப்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும். சுமத்ரா பிடிஎஃப்பில் அந்தச் சிக்கல் இல்லை.

அமைப்புக் கோப்பு ஒன்று போதும்

ஒவ்வொரு முறையும் ஆப்ஷன்களை அடிப்பது வீண்வேலை. ஆய்வேடு இருக்கும் ஃபோல்டரிலேயே "லேடெக்எம்கேஆர்சி" என்று ஒரு கோப்பை வையுங்கள். பெயருக்கு முன் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் கருவி கண்டுகொள்ளும். அதில் இரண்டு வரிகள் போதும்.

முதல் வரி, எந்த லேடெக் என்று சொல்வது. டாலர் குறி போட்டு, பிடிஎஃப், மோட் என்ற இரு சொற்களை அடிக்கோட்டால் இணைத்து, சமக்குறிக்குப் பின் எண்ணைக் கொடுத்து, அரைப்புள்ளியில் முடியுங்கள். பிடிஎஃப்லேடெக்குக்கு 1, லுவாலேடெக்குக்கு 4, ஸீலேடெக்குக்கு 5.

இரண்டாம் வரி, எது மூலக் கோப்பு என்று சொல்வது. கோப்பின் பெயரைக் கொடுக்காமல் ஓட்டினால், ஃபோல்டரில் இருக்கும் எல்லா டெக் கோப்புகளையும் கருவி கம்பைல் செய்யப் பார்க்கும். அத்தியாயங்களைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருப்பவர்களுக்குப் பிழைச் செய்திகள் மழையாகக் கொட்டும். அட் குறியுடன் டிஃபால்ட், ஃபைல்ஸ் என்ற சொற்களை அடிக்கோட்டால் இணைத்து, சமக்குறிக்குப் பின் அடைப்புக்குறிக்குள் மேற்கோள் குறியிட்டு மூலக் கோப்பின் பெயரை எழுதி, இதையும் அரைப்புள்ளியில் முடித்தால் தீர்ந்தது.

ஓவர்லீஃப் தளமும் உள்ளே இந்தக் கருவியைத்தான் ஓட்டுகிறது. புள்ளியில்லாத பெயரில் இதே கோப்பை அங்கே ஏற்றினால் கருவி அங்கும் அதைப் படிக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்த அமைப்புக் கோப்பு பெர்ல் நிரல். அதில் எழுதியிருப்பது உங்கள் கணினியில் ஓடும். முன்பின் தெரியாதவரிடமிருந்து வந்த ஃபோல்டரில் கண்ணை மூடிக்கொண்டு லேடெக்-எம்கேயை ஓட்டாதீர்கள். முதலில் கோப்பைத் திறந்து பாருங்கள், அல்லது "நோஆர்சி" ஆப்ஷனைக் கொடுத்து அதைப் படிக்காமல் ஓட்டச் சொல்லுங்கள்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

*பிழை வந்தது, பிறகு ஓடவே மறுக்கிறது.* சென்ற முறை பிழையில் நின்றிருந்து, அதற்குப் பிறகு கோப்புகள் எதுவும் மாறவில்லை என்றால், மறுபடி ஓட்டிப் பயனில்லை என்று கருவி முடிவு செய்கிறது. கோப்பைத் திருத்தியிருந்தால் தானே ஓடும். திருத்தம் கோப்புக்கு வெளியே நடந்திருந்தால், அதாவது விடுபட்ட எழுத்துருவை இப்போதுதான் நிறுவினீர்கள் என்பது போல, "ஜி" ஆப்ஷன் கொடுத்துக் கட்டாயப்படுத்துங்கள்.

*கேள்விக்குறியுடன் டெர்மினல் உறைந்து நிற்கிறது.* லேடெக் பிழையைக் காட்டி உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது. எக்ஸ் அடித்து என்டர் தட்டினால் வெளியே வரும். இது பிடிக்காதவர்கள், இன்டராக்‌ஷன் என்ற ஆப்ஷனுக்கு நான்ஸ்டாப்மோட் என்று மதிப்புக் கொடுக்கலாம்.

*ஐந்து முறை ஓடிவிட்டு, முடியவில்லை என்கிறது.* படத்தைச் சுட்டும் வரியில் "அடுத்த பக்கத்தில்" என்ற சொல் தானாகச் சேர்வதால் அந்த வரியே படம் இருக்கும் பக்கத்துக்குப் போகும். அங்கே அந்தச் சொல் தேவையில்லாமல் நீங்கினால் வரி பழைய பக்கத்துக்குத் திரும்பி வரும். வேரியோரெஃப் தொகுப்பைப் பயன்படுத்துவோர் சிலசமயம் இந்த ஊசலில் மாட்டுவார்கள். ஓட்ட எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை. அந்த வாக்கியத்தைச் சற்று மாற்றி எழுதுங்கள்.

*பிப்டெக்கிலிருந்து பைபருக்கு மாறியதும் புரியாத பிழைகள்.* பழைய துணைக் கோப்புகள்தான் காரணம். சிறிய "சி" ஆப்ஷன் துணைக் கோப்புகளை நீக்கும். பெரிய "சி" பிடிஎஃப்பையும் சேர்த்து நீக்கும். ஆனால் நூற்பட்டியலின் பிபிஎல் கோப்பை இரண்டுமே இயல்பாகத் தொடுவதில்லை. அதைக் கையால்தான் நீக்க வேண்டும்.

*கலைச்சொல் பட்டியல் வரவில்லை.* குளோசரீஸ் தொகுப்பைக் கருவி தானாகக் கவனிப்பதில்லை. அதற்கான விதியை அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுத வேண்டும். கருவியின் கையேட்டிலும் அதனுடன் வரும் மாதிரி அமைப்புக் கோப்புகளிலும் எடுத்துக்காட்டு இருக்கிறது.

இதனால் கிடைப்பது

நேரம் மிச்சமாவது சிறிய ஆதாயம். பெரிய ஆதாயம் வேறு. கையால் ஓட்டும்போது, ஒரு கேள்விக்குறி தெரிந்தால் அது உங்கள் பிழையா, ஓட்டம் போதவில்லையா என்று தெரியாது. லேடெக்-எம்கே ஓடி முடித்த பிறகும் கேள்விக்குறி நின்றால், அநேகமாக லேபிளின் பெயரை நீங்கள் தவறாக அடித்திருக்கிறீர்கள், அல்லது அந்த நூல் உங்கள் பிப் கோப்பில் இல்லை. ஓட்டத்தின் முடிவில் கருவி தரும் எச்சரிக்கைச் சுருக்கத்தில் அதன் விவரம் இருக்கும். அதைப் படிக்காமல் டெர்மினலை மூடாதீர்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் பெரிய "சி" கொடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பிபிஎல் கோப்பையும் நீக்கி, புதிதாக ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பழைய துணைக் கோப்புகளின் தயவில் சரியாகத் தெரிந்துகொண்டிருந்த தவறுகள் அப்போது வெளியே வரும். இந்த அமைப்பையெல்லாம் முதல் அத்தியாயம் எழுதும் நாளிலேயே செய்துவிடுங்கள். சமர்ப்பிக்கும் வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.